செருப்பை எங்கே விடுவது

1926 பிப்ரவரி 28, ஞாயிறு

பூகோளப் பாடத்துக்கு ஈராவதி ஆற்றின் கிளைகளை மனப்பாடம் செய்து முடித்துவிட்டேன். படம் வரைவதுதான் பாக்கி. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோது கோயில் தர்மகர்த்தா இராமையா மாமா வந்தார். எங்கள் வீடு மூன்றாம் மாடி, எங்கள் பேட்டையான பசுந்தாங்கிலேயே செங்குத்தான படிக்கட்டு எங்களுடையதுதான். மூச்சு வாங்க உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"அய்யாசாமி, இந்த வருசம் பங்குனித் திருவிழாவுல பொம்பளைங்க பால்குடம் கிடையாது. வேண்டுதல் இருந்தா குடத்தைப் புருசன்கிட்டயோ அண்ணன் தம்பிகிட்டயோ குடுத்து அனுப்பட்டும்."

அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றது.

போன பங்குனியில் நடந்தது எங்கள் தெருவுக்கே தெரியும். உச்சிவேளைப் பாலபிஷேகத்துக்குக் குடங்கள் வந்து சேர்ந்த நேரம், முன்வாசலில் நெரிசல். குடம் எடுத்து வந்த தைலம்மாள் அக்கா விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. குடங்கள் கவிழ்ந்து வாசற்படியெல்லாம் பால் ஓடியது. தைலம்மாள் அக்காவைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர் இராமையா மாமாதான். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று முயன்று பார்த்தேன், வரவில்லை.

ஆனால் அம்மா? ஐப்பசியில் தம்பி வேலாயுதத்துக்கு அம்மை போட்டிருந்தபோது, கண் திறக்காமல் கிடந்த பிள்ளையின் தலைமாட்டில் வேப்பிலையை வைத்து அம்மா வேண்டிக்கொண்டதை நான் கேட்டேன். "பிள்ளையைக் குடுத்துடு தாயே, என் தலையில பால்குடம் எடுத்து வாரேன்." என் தலையில் என்றுதான் சொன்னாள். அப்பா தலையில் என்று சொல்லவில்லை.

இப்போது வேலாயுதம் என் பென்சில் சீவலை வாயில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான். இதோடு நிறுத்துகிறேன்.

மார்ச் 1, திங்கள்

அம்மாதான் சமைத்தாள். சோற்றில் உப்பு இல்லை.

மார்ச் 5, வெள்ளி

எங்கள் வராந்தாவிலிருந்து பார்த்தால் கோயில் முழுவதும் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் இன்றுதான் பார்த்தேன்! வெள்ளிக்கிழமைச் சாயங்காலப் பூசைக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. பாடம் படிப்பதுபோல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன்.

கோயில் சிறியதுதான். ஆனாலும் உள்ளே இடம் இருக்கிறது. அம்மன் முன்னால் நிற்பவர்கள் வசதியாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நெருக்கம் எல்லாம் முன்வாசலில் மட்டும். உள்ளே போகிறவர்கள் ஒரு பக்கம் தள்ள, வெளியே வருகிறவர்கள் மறு பக்கம் தள்ள, நடுவில் ஒருவரும் அசைய முடியாமல் நிற்கிறார்கள். பசுந்தாங் ஓடையில் கடல் ஏற்றமும் ஆற்று நீரும் முட்டிக்கொள்ளும் நேரத்தில் சம்பான் படகுகள் சுற்றிச் சுற்றி வருமே, அதே மாதிரி.

ஆச்சரியம் என்னவென்றால் பின்வாசலும் திறந்தே இருக்கிறது! பின்சந்தில் விளக்குக்கூட ஏற்றியிருக்கிறார்கள். தொண்டர் ஒருவர் அங்கே நின்று "இப்படிப் போங்க, இப்படிப் போங்க" என்று கையை ஆட்டுகிறார். ஒருவரும் போகவில்லை. பூனை ஒன்று போயிற்று.

ஏன்? பின்சந்து இருட்டா? இல்லை. நாற்றமா? சாக்கு வியாபாரி பீர் முகைதீன் பாயின் கிடங்கு அங்கே இருக்கிறது, சணல் வாசம்தான் வரும். பின்வாசல் வழியாகப் போனால் புண்ணியம் குறைந்துவிடுமா? அம்மாவைக் கேட்டேன்.

"எந்த வாசல்னு அம்மன் பாக்குறாளா? கீழ எட்டிப் பாக்காத, கனகு. விழுந்து வைப்பே."

அப்படியானால் ஏன்?

மார்ச் 7, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! அவசரத்தில் மையைக் கொட்டிவிட்டேன், பரவாயில்லை.

பக்கத்து வீட்டுப் பர்மியத் தோழி மா கின் தன் அம்மாவோடு ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனாள். என்னையும் அழைத்துப் போனார்கள். டிராமில் போய் இறங்கித் தெற்குப் படிக்கட்டில் ஏறினோம். வழக்கம்போல் படியடியில் என் செருப்பைக் கழற்றி ஓர் ஓரமாக வைத்தேன். மா கின் சிரித்தாள். அவளுடைய தமிழ் எனக்கு மிகவும் பிடிக்கும்.

"ஏ கனகு, ஃபனா அங்கே வைக்காதே. கையிலே எடு. நாம கிழக்கே எறங்குவோம்."

ஃபனா என்றால் செருப்பு. அவர்கள் எல்லோரும் செருப்பை இடக்கையில் பிடித்துக்கொண்டே ஏறுகிறார்கள். கும்பிட்டுவிட்டு எந்தப் பக்கம் இறங்க விருப்பமோ அந்தப் பக்கம் இறங்குகிறார்கள். அவ்வளவு ஜனத்தில் ஒருவரும் வந்த வழியே திரும்பி இடித்துக்கொண்டு வரவில்லை.

நான் மேல்படியில் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த பெரியவர் என்மேல் மோதிக்கொண்டார்.

செருப்பு! நம்முடையவர்கள் செருப்பை முன்வாசலில் விடுகிறார்கள். பின்வாசல் வழியாக வெளியே போனால் வெறுங்காலோடு சுற்றி வந்து அதே நெரிசலில் செருப்பைத் தேட வேண்டும். அதனால்தான் ஒருவரும் போவதில்லை. மனிதர்களைத் திருப்பி இழுப்பது செருப்பு!

மார்ச் 8, திங்கள்

அப்பாவிடம் சொன்னேன். அப்பா நெல்லாலையில் கணக்கர். எதையும் உடனே ஒப்புக்கொள்ளமாட்டார்.

"செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு அம்மன் முன்னாடி நிக்கச் சொல்றியா? நல்லாப் படிச்சே போ."

உண்மைதான். அவர்களுக்கு அது வழக்கம், நமக்கு ஆகாது. நாள் முழுவதும் முகம் தொங்கிப்போயிற்று. கணக்குப் பாடத்தில் திட்டு வாங்கினேன்.

பிறகு சாயங்காலம், வேலாயுதத்துக்குச் சட்டை மாட்டும்போது தோன்றியது. செருப்பைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். வெளியே வரப்போகும் இடத்தில் முதலிலேயே விட்டுவிட்டுப் போனால்? முதலில் பின்சந்துக்கு வந்து செருப்பை விடுவது. அங்கிருந்து மூலையைச் சுற்றி முன்வாசலுக்கு நடப்பது. கும்பிட்டுவிட்டுப் பின்வாசலில் இறங்கினால் காலடியில் செருப்பு காத்திருக்கும்!

அப்பா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "ம்," என்றார். எங்கள் அப்பாவிடம் ஒரு "ம்" வாங்குவது எவ்வளவு கடினம்!

மார்ச் 10, புதன்

இன்று பேசியதை எல்லாம் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

பின்சந்தில் செருப்பை விட்டால் திருட்டுப் போகாதா என்று அப்பா கேட்டார். அதனால் முதலில் பீர் முகைதீன் பாயின் கிடங்குக்குப் போனோம். பாயின் மனைவி கமருன்னிசா அக்கா அம்மாவின் சிநேகிதி. வேலாயுதத்துக்கு அம்மை வந்தபோது தினமும் இளநீர் அனுப்பினவள். அவள்தான் முதலில் பேசினாள்.

"நம்ம கிடங்குத் திண்ணைமேல சாக்கு தைக்கிற பொம்பளைங்க அஞ்சாறு பேரு எப்பவும் உக்காந்துதானே இருக்காங்க. அவங்க கண்ணைத் தாண்டி ஒரு ஊசி போகாது. செருப்பு எங்க போயிடும்?"

பாய் தாடியைத் தடவினார். "காலமெல்லாம் சாக்கு வியாபாரம். இப்ப செருப்பு வியாபாரம்னு ஊர் சொல்லும். சரி புள்ள, வைக்கச் சொல்லு."

அங்கிருந்து இராமையா மாமாவிடம். அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசுவதும் அவர் அப்பாவைப் பார்ப்பதுமாக இருந்தது. கடைசியில் சொன்னார்:

"வர்ற வெள்ளி பாத்துருவோம். ஒருத்தர் ஒருத்தரை இடிக்காம வந்து போனா, பொம்பளைங்க பால்குடம் உண்டு. ஒரு சத்தம் கேட்டாலும் அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. அந்தத் தைலம்மா அலறுனது இன்னும் என் காதுல இருக்கு."

அம்மாவிடம் இதைச் சொன்னேன். இன்று சோற்றில் உப்பு இருந்தது.

மார்ச் 12, வெள்ளி

வெற்றி! வெற்றி! வெற்றி!

முதலில் முணுமுணுத்தார்கள். "கோயிலுக்கு வந்தா கொல்லைப்பக்கம் போகச் சொல்றானுங்களே" என்று ஒரு பாட்டி. "புதுச்செருப்புங்க, பாத்துக்க" என்று ஒருவர் சாக்கு தைப்பவளிடம் நாலு தடவை சொன்னார். "உன் செருப்பைப் போட்டுக்கிட்டு நான் ஆத்தைத் தாண்டி டவாண்டேக்கா ஓடப்போறேன்?" என்று அவள் கேட்டாள்.

பிறகு ஓட ஆரம்பித்தது, ஒரே பக்கமாக ஓடும் ஆறு மாதிரி. முன்வாசலில் நுழைந்தவர்கள் பின்வாசலில் வந்தார்கள். நான் வராந்தாவில் நின்று கை தட்டினேன். கீழேயிருந்து இராமையா மாமா நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக, என்னை.

மார்ச் 14, ஞாயிறு

அம்மா பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். முகம் தெரிகிறது அதில். வேலாயுதம் தன் முகத்தைப் பார்த்துப் பயந்து அழுதான்.

மார்ச் 21, ஞாயிறு

நான் ஒரு முட்டாள்.

இன்று உச்சிவேளையில் காப்புக்கட்டு. பால்குடம் எடுக்கிற பெண்கள் எல்லோரும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும் நாள். சொன்னபடியே செருப்பைப் பின்சந்தில் விட்டார்கள். சந்தில் நிழல். மூலை திரும்பினால் தார் ரோடு.

தார் ரோடு! போன வருடம் அது செம்மண் ரோடு. மழைக்காலம் முடிந்ததும் கார்ப்பரேஷன்காரர்கள் தார் போட்டார்கள். உருளை வண்டி போவதை இதே வராந்தாவில் நின்று பார்த்தவள் நான். வெள்ளிக்கிழமை சோதித்தது சாயங்காலத்தில். பங்குனி மாத உச்சி வெயிலில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! அடுத்த ஞாயிறு பால்குடமும் உச்சிவேளைதானே!

முதலில் ஒருத்தி குதித்தாள். "ஐயோ, காலு!" அப்புறம் எல்லோரும் ஓடினார்கள். தார் காலில் ஒட்டுகிறது, சேலை தடுக்குகிறது, பின்னால் வந்தவர்கள் முன்னால் போனவர்களை இடிக்க, எல்லாரும் வாசலில் போய் மோதினார்கள். தைலம்மாள் அக்கா கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றாள். யாரும் விழவில்லை. விழவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். அம்மா வேலாயுதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினதில் உள்ளங்காலில் கொப்புளம்.

இராமையா மாமா சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார்.

"நடக்கிற கூட்டத்தை நிறுத்தலாம். கால் சுட்டு ஓடுற கூட்டத்தை யாரும்மா நிறுத்துறது? பொம்பளைங்க கையில காப்பு ஏறிடுச்சு, அவுக்கச் சொல்ல எனக்கும் மனசு வரலை. வெள்ளிக்குள்ள ரோட்டுக்கு ஒரு வழி சொன்னாப் பாக்கலாம். இல்லாட்டி குடம் ஆம்பளைங்க தலையிலதான்."

அம்மா காலில் வெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதைச் சுற்றிச் சுற்றி விரலால் உருட்டுகிறாள்.

"நீ ஏன்டி அழுவுறே? செருப்புக்கு வழி கண்டுபிடிச்சவ ரோட்டுக்குக் கண்டுபிடிக்கமாட்டியா?"

மார்ச் 22, திங்கள்

தண்ணீர் வண்டி? கார்ப்பரேஷனில் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை வராது என்கிறார்களாம். பந்தல்? டிராமும் மோட்டாரும் போகிற ரோட்டில் பந்தல் போட விடமாட்டார்கள். செருப்பை முன்வாசலிலேயே விடலாமா? அப்படியானால் பழைய கதைதான்.

ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை.

மார்ச் 23, செவ்வாய்

அம்மாவின் காலைப் பார்க்கக் கமருன்னிசா அக்கா வந்தாள். எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னா இப்படிச் சுடுது? ஒரு சாக்கை நனைச்சுச் சுத்தி வைக்க வேணாமா? சாக்குக்காரன் பொஞ்சாதி சிநேகிதம் இருந்தும்…" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அவள் பயந்துவிட்டாள்.

ஈரச்சாக்கு! ரோட்டில் ஈரச்சாக்கு!

மார்ச் 24, புதன்

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "புள்ள, நனைச்ச சாக்கை எந்த ஆலைக்காரன் வாங்குவான்? தார் வேற ஒட்டும். என்னைப் பக்கிரியாக்கி ஊருக்கு அனுப்பப் பாக்குறியா?"

கமருன்னிசா அக்கா உள்ளிருந்து: "கிழிசல் சாக்கு கெடக்குல்ல, தைக்கிறதுக்கு!"

"அது கிழிசல்."

"ரோட்டுல போடுறதுக்கு மாப்பிள்ளைச் சாக்கா கேக்குறா அந்தப் புள்ள?"

கிழிசல் சாக்கை எல்லாம் தருகிறார். ஆனால் விரித்துப் பார்த்தால், சந்து மூலையிலிருந்து முன்வாசல்வரை ஒற்றை வரிசைதான் வரும். ஓர் ஆள் நடக்கிற அகலம். ரோடு முழுவதும் மூடலாம் என்று நினைத்திருந்தேன். இந்தக் குறுகிய பாதையில் அவ்வளவு கூட்டமும் எப்படி? முண்டியடித்துக்கொண்டு எல்லோரும் சாக்குமேல் ஏறினால்?

மார்ச் 26, வெள்ளி

இராமையா மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன்: ஒற்றை வரிசைக்குத்தான் சாக்கு இருக்கிறது, என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

அவர் சாக்குகளையும் ரோட்டையும் பார்த்தார். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "தெரியாதுன்னு சொல்றே பாரு. போன வருசம் நாங்க எல்லாம் தெரியும்னுதான் சொன்னோம். நடக்கட்டும். தொண்டர்களை ரெண்டு பக்கமும் நிறுத்துறேன்."

நடக்கட்டும்! நடக்கட்டும் என்றுவிட்டார்! ஆனாலும் சாக்குகளை மறுபடியும் எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 28, ஞாயிறு, சாயங்காலம்

எங்கிருந்து தொடங்குவது!

விடிந்ததும் பாயின் ஆட்கள் சாக்குகளை விரித்தார்கள். மா கின்னும் அவள் அம்மாவும் எங்களோடு சேர்ந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். "இப்பவே திஞ்ஞான் வந்துடுச்சு" என்று மா கின் என்மேல் ஒரு குவளை ஊற்றினாள். தண்ணீர்த் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். அதற்கும் ஒரு குவளை.

பக்கத்துப் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் டிராம் டிராமாக ஜனம் வந்து இறங்கியது. போன வருடத்தைவிட அதிகம். பின்சந்தில் செருப்பு நெல் குவித்ததுபோல் ஆகிவிட்டது. அப்புறம் மேளச் சத்தம். ஓடைக் கரையிலிருந்து குடங்கள் பின்சந்துக்கு வந்துவிட்டன. நான் மூலையில் நின்றேன். தொண்டர்கள் கையைக் கோத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். வெயில் நெற்றியில் அடித்தது.

மூலை திரும்பியதும் முதல் பெண் ஈரச்சாக்கில் கால் வைத்தாள். அடுத்தவள் அவள் பின்னால். அதற்கடுத்தவள் அவள் பின்னால்.

ஒருவரும் விலகவில்லை! விலகினால் தார் சுடுமே! இந்தப் பக்கமும் நெருப்பு, அந்தப் பக்கமும் நெருப்பு, நடுவில் குளிர்ச்சியாக ஓர் ஆள் பாதை. முந்த வேண்டுமென்றால் சாக்கைவிட்டு இறங்க வேண்டும், யார் இறங்குவார்? ஒரு வாலிபர் முந்தப் பார்த்தார். தார்மேல் இரண்டு எட்டு வைத்ததும் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்று, "அக்கா, கொஞ்சம் எடம் விடுங்க அக்கா!" என்று கெஞ்சினார்.

"வந்த எடத்துலயே போய் நில்லு தம்பி. ரோடு உனக்குப் பாடம் சொல்லுது" என்றாள் ஒருத்தி. வரிசை முழுவதும் சிரித்தது. சிரித்துக்கொண்டே நடக்கிற கூட்டத்தில் நெரிசல் வருமா?

தொண்டர்களுக்கு வேலையே இல்லை. கோத்த கையை அவிழ்த்துவிட்டு அவர்களும் தண்ணீர் ஊற்றினார்கள். பயந்தேனே, எந்த அகலம் போதாது என்று பயந்தேனோ, அந்த அகலம்தான் உதவியது! ரோடு முழுவதும் சாக்கு போட்டிருந்தால் ரோடு முழுவதும் முண்டியடித்திருப்பார்கள். சுட்ட ரோடுதான் வரிசையைக் காத்தது.

தைலம்மாள் அக்கா வந்தாள். கோணிப்போன மணிக்கட்டால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. இராமையா மாமா வாசலில் இரண்டு கையையும் கூப்பி நின்றார். அம்மனைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. அவளுடைய முதுகு மறைத்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அம்மா. மஞ்சள் சேலை. தலையில் குடம். கண்ணை நேரே வைத்துக்கொண்டு, இன்னும் ஆறாத காலால் ஈரச்சாக்கில் மெதுவாக மெதுவாக. அப்பா வேலாயுதத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால். அவன் என்னைப் பார்த்து, "அக்கா, நீ ஏன் நனைஞ்சிருக்கே?" என்று கத்தினான். அம்மா திரும்பவில்லை. குடமும் அசையவில்லை. நான் உள்ளே ஓடினேன். அபிஷேகத்தில் அம்மாவின் குடத்திலிருந்து பால் விழுந்தது. நிறைய விழுந்தது. நின்று நின்று விழுந்தது. ஒரு துளிகூட வழியில் சிந்தவில்லை என்று தெரிந்தது.

கும்பிட்டுவிட்டு எல்லோரோடும் பின்வாசலில் இறங்கினேன். அம்மா தன் செருப்பைப் போட்டுக்கொண்டாள், அப்பா போட்டுக்கொண்டார். நான் தேடினேன். என் செருப்பைக் காணோம். சாக்கு தைப்பவளிடம் கோபமாகக் கேட்கப்போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அம்மாவைப் பார்த்த அவசரத்தில், வழக்கம்போல், முன்வாசலில் கழற்றிப்போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

நான்! நானே!

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊருக்கெல்லாம் வழி சொன்ன புள்ள!" முன்வாசலுக்குத் திரும்பிப் போக முடியாது, வரிசை வந்துகொண்டிருந்தது. மூலையில் மிஞ்சிக்கிடந்த ஈரச்சாக்கு இரண்டை எடுத்து, ஒன்றை முன்னால் போட்டு மிதித்து, பின்னதை எடுத்து முன்னால் போட்டு, அப்படியே ரோட்டைக் கடந்து வீடு வந்து சேர்ந்தேன். தெருவே பார்த்தது. வெட்கமாக இருந்ததா? இல்லை என்றே நினைக்கிறேன்.

மார்ச் 29, திங்கள்

செருப்பு கிடைக்கவில்லை. மா கின் தன் பழைய வெல்வெட் ஃபனாவைத் தந்தாள். கொஞ்சம் பெரிது.

ஏப்ரல் 2, வெள்ளி

இன்று சாதாரண வெள்ளிக்கிழமைதான். தொண்டர்கள் இல்லை, சாக்கு இல்லை, யாரும் கையை ஆட்டி வழி சொல்லவில்லை. நான் வராந்தாவில் ஈராவதிப் படத்துக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தேன்.

கீழே பார்த்தபோது அம்மா போய்க்கொண்டிருந்தாள். முன்வாசல் பக்கம் திரும்பவில்லை. கமருன்னிசா அக்காவோடு ஏதோ பேசிக்கொண்டே பின்சந்துக்குள் போய்ச் செருப்பைக் கழற்றினாள். பிறகு குனிந்து, வேலாயுதத்தின் குட்டிச் செருப்பைக் கழற்றித் தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மூலையைச் சுற்றி நடந்தாள். பின்சந்தில் ஏற்கெனவே வேறு செருப்புகள் வரிசையாக இருந்தன.